தம்பியின் மல்யுத்த லைசென்ஸ்

எனக்கு எண்பது வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. ஐந்தாவது ஆள் என் தம்பி. அவனுக்கு இரண்டு வயதாக இருந்தபோது அம்மா காய்ச்சலில் போய்விட்டா. எனக்குப் பதினெட்டு வயது, கலியாணமாகி நான்கு மாதம். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் புருஷன் வீட்டுக்குக் குடிபோனேன். யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்ல நான் விட்டதும் இல்லை.

பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்டவள் நான். பெயர் எழுதுவேன், செபங்களை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான். ஆகவே நான் சொல்லச் சொல்ல என் மகளின் மகள் எழுதுகிறாள். அவள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போனவள். பிழை இருந்தால் அது அவளுடையது. நான் சொல்லப் போகும் பிழை என்னுடையது.

எண்பத்துநான்கில் மன்னாரை விட்டு டொரொன்ரோவுக்கு வந்தோம். இவர், என் மனுசன், ஒரு வருடம் முந்தி வந்து, வோபர்ன் பக்கம் ஆறாம் மாடியில் ஒரு அப்பார்ட்மென்ட் எடுத்து வைத்திருந்தார். இரண்டு படுக்கை அறை, ஏழு பேர். தம்பி ஹோலில் மெத்தை விரித்துப் படுப்பான். அவனுக்கு மிசிசாகாவில், விமான நிலையத்துக்குக் கிட்ட ஒரு வெயார்ஹவுஸில் பெட்டி ஏற்றுகிற வேலை. போக இரண்டு மணித்தியாலம், வர இரண்டு மணித்தியாலம். உடம்பு அப்படியே இறுகிப் போயிருந்தது. அங்கே கூட வேலை செய்த ஒரு போர்த்துக்கீசன் அவனுடைய தோளைப் பார்த்துவிட்டு, தான் பழகுகிற மல்யுத்தக் கூடத்துக்கு அழைத்துப் போயிருக்கிறான். ரீவியில் சனிக்கிழமைகளில் காட்டுவார்களே, கயிறு கட்டிய மேடையில் ஒருவனை ஒருவன் தூக்கி அடிப்பது, அந்த றெஸ்லிங்.

முதலில் எனக்குச் சொல்லவில்லை. ஹோலில் மெத்தையைப் போட்டு முதுகு அடிபடத் தொப்பென்று விழுந்து பழகுவான். கீழ் வீட்டு மனுசி தும்புத்தடியால் கூரையில் இடிப்பாள். இவன் இன்னொருமுறை விழுவான், அவள் இன்னொருமுறை இடிப்பாள். என் பிள்ளைகள் நான்கும் சுவரோடு இருந்து எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

"என்னடா இது?" என்று ஒருநாள் பிடித்துக் கேட்டேன்.

"விழப் பழகுறன் அக்கா. அடிக்கிறது லேசு. விழுறதுதான் கஷ்டம்."

"விழுறதுக்கு ஆர் சம்பளம் குடுக்கிறது?"

"நல்லா விழுந்தா குடுப்பினம்."

ஒரு வருடத்துக்கு மேல் சின்னச் சின்ன மண்டபங்களில் ஓடித் திரிந்தான். அவனை ஒரு இந்திய மகாராசாவாக வேஷம் போட வைத்தார்கள். தலைப்பாகை, பச்சைப் பட்டுப் போர்வை, சுருட்டிய மீசை. இந்தியாவைக் கண்ணாலும் காணாத மன்னார்க் கத்தோலிக்கப் பொடியன்! சனம் அவனைப் பார்த்துக் கூச்சல் போட வேண்டும், கடைசியில் அவன் தோற்க வேண்டும், அதுதான் அவனுடைய பங்கு. அந்தப் பச்சைப் போர்வையைத் தைத்துக் கொடுத்தது நான்தான். ஓரத்துக்குத் தங்க நாடாவும் வைத்தேன். தைக்கிறபோது ஏசிக்கொண்டே தைத்தேன், ஆனால் ஒரு தையலும் கோணவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் நிற்கும்போது ஒரு மனுசி கேட்டா.

"உங்கட தம்பி தலைப்பாகை கட்டிக்கொண்டு வெள்ளைக்காரரிட்ட அடி வாங்கிறாராம், மெய்யோ அக்கா?"

"ஓம். அடி வாங்கவும் ஒரு உடம்பு வேணும். உங்கட மனுசன் படியில ஏறவே இளைக்கிறார்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியபின் முகம் எரிந்தது. இந்தப் பிள்ளையை இதற்கா வளர்த்தேன் என்று வந்தது.

எண்பத்தாறு இலையுதிர் காலத்தில் அவனுக்குப் பெரிய இடம் ஒன்று கிடைத்தது. நகரத்துக்குள் இருக்கிற பெரிய அரங்கம். யாரோ ஒருவனுக்குக் கை முறிந்துவிட்டதால் அந்த இடத்துக்கு இவனைக் கேட்டார்கள். ஆனால் அரசாங்க லைசென்ஸ் கையில் இல்லாமல் ஏற முடியாது. சின்ன மண்டபங்களில் ஒருவரும் கேட்கவில்லை, இங்கே கேட்பார்கள். குசினி மேசையில் படிவத்தை விரித்து வைத்து நிரப்பினான். படம் இரண்டு, டொக்டரின் கடிதம், விலாசம். படிவத்தின் மூலையில் மூன்று இதழ் விரிந்த ஒரு பூ. இந்த மாகாணத்து அரசாங்கத்தின் பூ அது. பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கடுதாசிகளில் கண்டிருக்கிறேன். ஆங்கில எழுத்துத் தெரியாத எனக்கு அந்தப் பூவைத் தெரியும்.

"நடிக்கிறவனுக்கு என்னத்துக்கடா டொக்டர்?"

"விழுந்தா விழுந்ததுதானே அக்கா. முள்ளந்தண்டுக்கு நடிப்பெண்டு தெரியுமே? ஏற முதல் பிறஷர் பாப்பினம். கவர்மென்ட் ஆள் ஒருத்தர் முன்னுக்கே இருப்பாராம். இரத்தம் வந்தா நிப்பாட்டிப்போடுவாராம்."

"ஆர் வெல்லுறதெண்டு முதலே கதைச்சு வைச்சிருக்கிறியள் எண்டு அந்தாளுக்குத் தெரியுமோ?"

"ஊருக்கே தெரியும்."

இவர் சோற்றுக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கினார். "எங்கட ஊரில மெய்யா அடிச்சவங்களுக்கு ஒரு லைசென்ஸும் இல்லை. இங்க பொய்யா அடிக்கிறதுக்கு லைசென்ஸ். நல்ல நாடப்பா."

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அதற்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் கண்டது குறைவு.

படிவத்தை அனுப்பி ஒரு கிழமை இருக்கும். காலை பத்து மணி. பிள்ளைகள் பள்ளிக்கூடம், ஆண்கள் வேலை. நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். டெலிபோன் அடித்தது. ஒரு வெள்ளைக்காரி, நல்ல மரியாதையான குரல். கவர்மென்ட் என்றாள். தம்பியின் முழுப் பெயரை முறித்து முறித்துச் சொன்னாள். அவர் இந்த வீட்டிலா இருக்கிறார் என்று கேட்டாள். அவ்வளவு ஆங்கிலம் எனக்கு விளங்கும்.

"நோ," என்றேன். "நோ சச் மேன் ஹியர்."

திருப்பிக் கேட்டாள். திருப்பிச் சொன்னேன். வைத்துவிட்டாள்.

இதை மற்றவர்களுக்கு விளக்குவது கஷ்டம், எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஊரில் ஆமிக்காரர் படலைக்கு வந்து ஒரு பொடியனின் பெயரைச் சொல்லிக் கேட்டால், பெண்கள் எல்லோருக்கும் வாயில் ஒரே பதில்தான். அப்படி ஒருவர் இங்கே இல்லை. அந்தப் பதிலை யோசித்துச் சொல்லக்கூடாது, யோசித்தால் முகத்தில் தெரிந்துவிடும். எண்பத்துமூன்று கடைசியில் இதே தம்பி கோழிக்கூட்டுக்குப் பின்னால் குந்தியிருக்க, நான் கையில் மீன் செதிலோடு அதே பதிலைச் சொல்லியிருக்கிறேன். அவன் உயிரோடு இருப்பது அதனால்தான். டொரொன்ரோவுக்கு வந்த பிறகும் எங்கள் மாடியில் இருந்த பெண்கள் அதை விடவில்லை. கவர்மென்ட் என்று யாராவது கேட்டால் ஆள் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அன்றைக்கே போய்ச் சொன்னேன்.

"கெட்டிக்காரி அன்ரி நீங்கள்," என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

பின்னேரம் தம்பி வந்தான். சப்பாத்தைக் கழற்ற முன்னமே கேட்டான்.

"அக்கா, லைசென்ஸ் கந்தோரால ஆரும் போன் எடுத்தவையோ? விலாசம் சரிபாக்க எடுப்பினமாம்."

எனக்கு அந்த நிமிஷமே எல்லாம் விளங்கிவிட்டது. ஓமடா, எடுத்தார்கள், நான் ஊர்ப் புத்தியில் இல்லையென்று சொல்லிவிட்டேன், நீ திருப்பி எடுத்துச் சொல்லு என்று சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷ வேலை. அவன் என்னைப் பகிடி பண்ணியிருப்பான், அதோடு முடிந்திருக்கும். ஆனால் இந்த வீட்டில் நான் பிழை விட்டேன் என்று யாருக்கும் சொல்லிப் பழக்கமில்லை. அதுவும் நான் குளிப்பாட்டி வளர்த்தவனுக்கு.

"இல்லை," என்றேன். "ஒருத்தரும் எடுக்கேல்லை. கையைக் கழுவிப்போட்டு வா, சாப்பிட."

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கு வந்தது, சொல்லவில்லை. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ லிஃப்ட் பழுதாகிக் கிடந்ததால் தபால்காரன் ஆறு மாடியும் படியால் ஏறி வந்து கதவைத் தட்டினான். கையெழுத்து வைத்து வாங்க வேண்டிய கடிதம். உறையின் மூலையில் அந்த மூன்று இதழ்ப் பூ. தம்பியின் பெயரின் முதல் எழுத்தும் எனக்குத் தெரியும். நான் அதைக் கையில் வாங்கினேன். மெல்லிய உறை. தபால்காரன் வயதான மனுசன், படியேறிய களைப்பில் மூச்சு வாங்கிக்கொண்டு, எங்கே கையெழுத்து வைப்பதென்று பேனையால் காட்டினான்.

வாங்கி வைத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். எனக்கு அது தெரியும். கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கோவில் வாசலில் சிரித்த முகங்கள் வந்தன. பெரிய அரங்கத்தில் ஏறினால் ரீவியில் வருவான், தலைப்பாகையோடு ஊரே பார்க்கும். அதைவிட இன்னொன்றும் இருந்தது. இந்தப் பெரிய ஆட்டம் சரிவந்தால் கூட்டத்தோடு கூட்டமாக ஊர் ஊராகப் போய்விடுவேன், இனி வெயார்ஹவுஸ் இல்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். ஹோலில் மெத்தை இல்லாத வீட்டை என்னால் நினைக்க முடியவில்லை.

கடிதத்தைத் திருப்பி நீட்டினேன். "நோ. நாட் ஹியர்."

தபால்காரன் உறையில் ஏதோ எழுதிக்கொண்டு இறங்கிப் போனான். கடைசிப் படி வரைக்கும் அவனுடைய காலடி கேட்டது. கூப்பிட நேரம் இருந்தது.

ஆட்ட நாள் வந்தது, லைசென்ஸ் வரவில்லை. சிலவேளை நேரே அங்கே அனுப்பியிருப்பார்கள் என்று சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு போனான். நான் மடித்து வைத்த பச்சைப் போர்வை பைக்குள். இரண்டு மணித்தியாலத்தில் திரும்பி வந்தான். உள்ளே உடுப்பு மாற்றுகிற அறை வாசலில் ஒரு அரசாங்க ஆள் பட்டியலோடு நின்றிருக்கிறார். இவனுடைய பெயருக்கு நேரே கோடு கீறியிருந்ததாம். ஆட்டத்தை நடத்துகிறவன் அந்த இடத்திலேயே வேறு ஒருவனை ஏற்றிவிட்டான்.

தம்பி குசினி மேசையில் இருந்தான். பையைத் திறக்கவில்லை.

"அந்த விலாசத்தில அப்பிடி ஒரு ஆளே இல்லையெண்டு கடிதம் திரும்பி வந்ததாம் அக்கா. நான் இருக்கிறன்தானே?"

"இருக்கிறாய்," என்றேன்.

"நான்தான் நம்பரைப் பிழையா எழுதிப்போட்டன் போல. ஆறை பூச்சியமெண்டு வாசிச்சிருப்பாங்கள். என்ர எழுத்து அப்பிடி."

இவர் "இன்னொருக்கா போட்டுப் பாரன்" என்றார். தம்பி தலையாட்டினான். ஆனால் நடத்துகிறவன் அவனைத் திருப்பிக் கூப்பிடவில்லை. பொய் விலாசம் கொடுக்கிறவன் என்று கதை பரவியிருக்க வேண்டும். குளிர்காலம் முழுவதும் ஒரு கொப்பியில் எங்கள் வீட்டு இலக்கத்தை எழுதி எழுதிப் பழகினான். இருபத்துநான்கு வயது ஆம்பிளை, முதலாம் வகுப்புப் பிள்ளை மாதிரி. நான் பக்கத்தில் நின்று தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

வசந்த காலம் வர மண்டபங்களுக்குப் போவதையும் விட்டுவிட்டான். பிறகு கலியாணம், யூனியன்விலில் வீடு, மூன்று பிள்ளைகள். எண்பதுகள் முடிகிற காலம் ஒருநாள் பேப்பரோடு வந்தான். அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில் மல்யுத்த முதலாளிமாரே அரசாங்கத்திடம் போய், இது வெறும் ஆட்டம்தான், சண்டை இல்லை, எங்களுக்கு உங்கள் கட்டுப்பாடு வேண்டாம் என்று சொல்லி அந்தச் சட்டத்தையே நீக்க வைத்துவிட்டார்களாம்.

"பாத்தீங்களே அக்கா, கொஞ்சம் பொறுத்திருந்தா லைசென்ஸே வேண்டாமாம்," என்று தன் வயிற்றைத் தட்டினான். "இப்ப ஆர் என்னைத் தூக்குறது?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் அடுப்பைப் பார்க்கப் போனேன்.

இத்தனை வருடம் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் வருகிறேன். கோபம் சொல்லியிருக்கிறேன், பொறாமை சொல்லியிருக்கிறேன், ஞாயிறு பூசைக்குப் போகாததைச் சொல்லியிருக்கிறேன். இதைச் சொன்னதில்லை. பயத்தில் செய்தது பாவமில்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். டெலிபோனில் சொன்னதற்கு அந்தத் தீர்ப்புப் பொருந்தும். தபால்காரனுக்குச் சொன்னதற்குப் பொருந்தாது. அன்றைக்கு எனக்கு ஒரு பயமும் இல்லை. தம்பி என் வீட்டில், என் பேச்சில் இருக்க வேண்டும் என்றுதான் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினேன்.

போன மாதம் அவனுக்கு முழங்கால் சத்திரசிகிச்சை. ஆஸ்பத்திரியில் படிவம் நிரப்பும்போது அவனுடைய மகள் பேனையைப் பறித்தாள். "அப்பா, நீங்கள் இலக்கம் எழுதாதீங்கோ, உங்கட ஆறு ஒருத்தருக்கும் விளங்காது," என்றாள். அவன் ஓம் என்று சிரித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அவனுடைய எழுத்தில் ஒரு பிழையும் இல்லை. அந்த ஆறு அச்சில் அடித்த மாதிரி இருக்கும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவன் இங்கே சாப்பிட வருகிறான். அவனுடைய முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது, அதனால்தான் இதை எழுதுவித்தேன். அவனே வாசிக்கட்டும். எழுந்து போனால் போகட்டும்.

"பிள்ளை, இப்ப எனக்கு வாசிச்சுக் காட்டு."

"முழுக்கவோ அம்மம்மா?"

"தபால்காரன் வந்த இடத்தில இருந்து வாசி. அதுக்குள்ள எங்கயாவது நான் பயந்தனான் எண்டு எழுதிக் கிடந்தா, வெட்டிப்போட்டு வாசி."