வலியை முதலில் சொன்ன ராஜேஸ்வரி

ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது மஞ்சுநாத்திடமிருந்து போன் வந்தது. எப்போதும் "அண்ணா, சாப்டாச்சா?" என்று ஆரம்பிப்பவன் அன்று அதைக் கேட்கவில்லை. "அக்கா போயிட்டாங்கண்ணா. சர்வீஸ் ரோட்ல லாரி மோதிடுச்சி" என்றான். முந்தின நாள் ஷிஃப்ட் முடிந்து ஓசூர் மூக்கண்டப்பள்ளி வீட்டுக்கு ஸ்கூட்டியில் திரும்பும்போது நடந்திருக்கிறது. மஞ்சு ராஜேஸ்வரியின் ஒரே தம்பி. பல வருடங்களுக்கு முன் அவனுக்குத் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தவர் அவர். கொடுத்தவர் போய்விட, வாங்கியவன் எனக்குச் செய்தி சொல்கிறான் என்பது மனதில் ஏறவே வெகுநேரமானது.

மத்தூர் பக்கத்தில் இருக்கும் அவர்களுடைய ஊரில் அடக்கம் செய்தோம். பந்தலில் எனக்குப் பின்னால் ஒருவர், "ஒத்தக் கிட்னி. அடிபட்டா உடம்பு தாங்குமா?" என்றார். இன்னொருவர், "அதான் குடுக்காதன்னு அப்பவே சொன்னோம்" என்றார். நான் திரும்பி, "அடி தலையிலங்க. ரெண்டு கிட்னி இருந்திருந்தாலும் இதான் ஆயிருக்கும்" என்றேன். சாவு வீட்டில் பேசக்கூடாத குரலில் பேசிவிட்டேன்தான். ஆனால் டயாலிசிஸ் வார்டில் ராஜேஸ்வரியை அறிந்த உங்களில் பலருக்கும் அதே பேச்சு வந்து சேர்ந்திருக்கும். அவரிடம் மிச்சமிருந்த சிறுநீரகம் கடைசிவரை ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

என் மனைவி கவிதாவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, ஓசூரில் டயாலிசிஸ் ஆரம்பித்த நாட்களில்தான் அவரைப் பார்த்தேன். மாற்று அறுவை செய்தால் நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாமியாருக்குச் சர்க்கரை நோய் இருந்ததால் அவரால் கொடுக்க முடியாது. எனக்கும் கவிதாவுக்கும் ஒரே ரத்த வகை. அது தெரிந்த நாளிலிருந்து ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கொடுத்தவனால் பாரம் தூக்க முடியாது என்று கம்பெனி நண்பன் ஒரு வீடியோ அனுப்பினான். டீக்கடையில் ஒருவர், ஆண்மை போய்விடும் என்று என் காதருகே வந்து சொன்னார். ஊரில் விவசாயம் பார்க்கும் என் அண்ணன், "மிஷின்ல நிக்கற ஆம்பள நீ. நீயும் படுத்துட்டா ரெண்டு புள்ளைங்கள யாருடா பாக்கறது?" என்று கேட்டார். யாரிடம் போய் உண்மையைக் கேட்பது என்று தெரியவில்லை.

வார்டில் ராஜேஸ்வரியிடம் யாரும் அதிகம் பேசமாட்டார்கள். அவர் கொடுத்த சிறுநீரகம் ஆறு வருடம் ஓடிவிட்டு நின்றுபோனதால் மஞ்சு மறுபடி டயாலிசிஸுக்கு வந்திருந்தான். "அந்தம்மா குடுத்தும் வீணாப்போச்சு, அவங்க கிட்ட போயி கேக்காத" என்று ஒருவர் என்னைத் தடுத்தார். அவர் தடுத்ததனாலேயே நான் போய்க் கேட்டேன்.

ராஜேஸ்வரி பூசி மெழுகவில்லை. "வலிக்கும்ணா. இருமினா உயிர் போவும். இடது பக்கம் ஒருக்களிச்சு படுக்க ரொம்ப நாளாச்சு. ஆபரேஷன் முடிஞ்சதும் எல்லாரும் அவன் கட்டிலச் சுத்தி நின்னாங்க, எனக்குத் தண்ணி குடுக்க ஆளில்ல. அப்ப எனக்குக் கோவம் வந்திச்சு. குடுத்தவளுக்குக் கோவம் வரலாமான்னு அழுகையும் வந்திச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு மூன்றாம் மாதத்தில் தொழிற்சாலையில் பாகங்களைச் சரிபார்க்கும் வேலைக்குத் திரும்பியதையும், வருடம் ஒருமுறை பரிசோதனை செய்துகொள்வதையும், டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை தொடுவதில்லை என்பதையும் சொன்னார். வீடியோ பார்த்துத் தெளியாத ஒன்று, இருமினால் வலிக்கும் என்று ஒருவர் வாயால் கேட்டபோது தெளிந்தது. கொடுத்தது வீணாகிவிட்டதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அந்த ஆறு வருஷத்துலதான் அவனுக்குக் கல்யாணமாச்சு, பொண்ணு பொறந்துச்சு. எது வீணாச்சு?" என்றார்.

கடைசியில், "எல்லாரும் சொல்றது இருக்கட்டும். உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டார். அதுவரை ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டிருக்கவில்லை. "குடுக்கணும்னு இருக்கு. பயமாவும் இருக்கு" என்றேன். "ரெண்டும் சேந்துதான்ணா இருக்கும்" என்றார்.

அவர் யாரையும் கொடுக்கச் சொல்லி நான் கேட்டதில்லை. அண்ணனுக்குக் கொடுக்கச் சொல்லி வீட்டார் நெருக்கிய ஒரு இளம்பெண் அந்த வார்டுக்கு வருவாள், யாருடனும் பேசமாட்டாள். ராஜேஸ்வரி ஒருநாள் அவளருகில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் உன்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள், இஷ்டமில்லை என்றால் அங்கே சொல்லலாம், உடல் பொருந்தவில்லை என்று மட்டும்தான் வீட்டில் சொல்வார்கள் என்று விளக்கினார். அந்தப் பெண் கொடுக்கவில்லை. எப்படியோ தெரிந்துகொண்ட அவள் தாய், "நீ மட்டும் ஒன் தம்பிக்குக் குடுத்த, எம் பொண்ண ஏன் கெடுத்த?" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். "நான் ஆசப்பட்டுக் குடுத்தன்மா. அவ அழுதுகிட்டே குடுக்கணுமா?" என்றார் ராஜேஸ்வரி. அந்த அம்மா அதன்பின் அவருடன் பேசவே இல்லை. அவருக்கு அது வருத்தம்தான். இருந்தும், சொன்னதைத் தவறென்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை.

நான் சம்மதித்த பிறகு கவிதா மறுத்தாள். "உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா அந்தப் பாவத்த நான் எங்க போயி தொலைக்கறது?" என்று ஒரே பிடிவாதம். ஒரு மாலை அக்காவும் தம்பியும் மத்திகிரியில் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தார்கள். மஞ்சுதான் பேசினான். "வாங்கறதும் கஷ்டம்தான்க்கா. எங்கக்கா குடுத்தத நான் பாழாக்கிட்டனேன்னு இன்னிக்கும் தூக்கம் வராது." ராஜேஸ்வரி டம்ளரைக் கீழே வைத்தார். "எத்தன வாட்டிடா சொல்றது? குடுத்தப்புறம் அது உன்னுது. உன்னுது கெட்டுப்போச்சி. எங்கிட்ட எதுக்கு மன்னிப்பு கேக்கற?" மஞ்சு தலைகுனிந்து அழுதான். பிறகு கவிதாவைப் பார்த்து, "ஆனாலும் வாங்கிக்கங்கக்கா" என்றான். கவிதா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் காலை, "எப்ப போலாம்?" என்று கேட்டாள்.

பெங்களூரில் அறுவை நடந்தது. எனக்கு நினைவு திரும்பியபோது உறவினர் எல்லோரும் கவிதா இருந்த அறை வாசலில்தான் நின்றார்கள். என் கட்டிலுக்குப் பக்கத்தில் ராஜேஸ்வரி உட்கார்ந்திருந்தார். "அண்ணி நல்லாருக்காங்க, ஒண்ணுக்கு நல்லாப் போவுது. இப்ப நீங்க சொல்லுங்க, எங்க வலிக்குது?" என்றார். விலாப்பக்கத்தைக் காட்டினேன். ஈரத்துணியால் என் உதட்டை நனைத்துவிட்டு, அந்த ஷிஃப்டுக்கு விடுப்பு போட்டிருப்பதாகச் சொன்னார். கவிதா இன்று வேலைக்குப் போகிறாள். நான் அதே மிஷினில் நிற்கிறேன்.

அடக்கம் முடிந்து அடுத்த டயாலிசிஸ் நாளில் மஞ்சு வரவில்லை என்று வார்டிலிருந்து சொன்னார்கள். கவிதாவும் நானும் ஆட்டோ பிடித்து மூக்கண்டப்பள்ளிக்குப் போனோம். முகமும் காலும் வீங்கி, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். துக்கம் வந்தால் அவர்கள் வீட்டில் தெலுங்குதான் வரும். "நேனு ரானக்கா" என்றான், நான் வரமாட்டேன் என்று. அவன் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தாள். கவிதா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "எங்க வூட்டுக்கு வந்து வாங்கிக்கங்கன்னு நீதான சொன்ன? நீ சொல்லி நான் கேட்டன். இப்ப நான் சொல்றன், எந்திரி." வெகுநேரம் கழித்து மஞ்சு எழுந்து சட்டையைத் தேடினான்.

மூளைச்சாவு அடையும் யாராவது ஒருவரின் சிறுநீரகத்துக்காக அவன் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறான். அதுவரை வாரத்தில் இரண்டு நாள் அவனோடு போய் உட்கார ஆள் வேண்டும். அக்கா ஷிஃப்ட் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்ட வேலையை இப்போது கவிதாவும் நானும் பங்கிட்டுக்கொண்டிருக்கிறோம். ராஜேஸ்வரியின் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அவர் தம்பிதான். நாளைக்கு என் முறை.