சீலன் பாடியதும் நான் எழுதியதும்

சீலனின் பாட்டுக்குக் கீழே, "இது எந்த நாட்டு இங்கிலீசு?" என்று பொய்ப் பெயரில் எழுதியவன் நான்தான்.

வேறு யாருமல்ல. முகம் தெரியாத எவனோ அல்ல... நான்! அவனுடைய நண்பன்.

அவனைத் தெரியாதவர் என்பதால்தான் உங்களிடம் சொல்லத் துணிகிறேன். அவனிடம் சொல்லும் தைரியம் இன்றுவரை எனக்கு வரவில்லை.

நான் சண்டிலிப்பாயில் தனியாக இருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் அக்காவோடு கனடாவில். பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். அவர்கள் போனபின் அந்தப் பெரிய வீட்டில் என் இருமல் மட்டும் கேட்கும். அந்த வெறுமையைப் பாட்டுகளால் நிரப்பப் பார்த்தேன்.

அதிலும் ஒரு பாட்டு! அறுபதுகளில் அமெரிக்க இளைஞர் சிலர் பாடியது. அந்தக் காலத்துப் பெடியள் கார் நிறுத்தும் கராஜுக்குள் வாசித்துப் பழகியதால் 'கராஜ் றொக்' என்று அந்த வகைக்கே பெயர் வந்தது. மூன்றே மூன்று கோர்டுகள். காதை அடைக்கும் ட்ரம்ஸ். பாடுகிறவன் சொற்களைப் பாதி மென்று துப்புவான். பாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் தேடிப் போவீர்கள்... சீலன் பாடியது அங்கே இருக்காது.

அதை எத்தனையோ பேர் திரும்பப் பாடியிருக்கிறார்கள். கிடைத்ததையெல்லாம் சேகரித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, என் இணையப் பக்கத்தில் எழுதிவந்தேன். ஒரு குழு தலைதெறிக்கும் வேகத்தில் பாடி மூச்சிரைத்தது. ஒரு பெண் கிற்றாரை மட்டும் வைத்துக்கொண்டு தாலாட்டைப் போலப் பாடினாள். பாட்டின் ஆத்திரமெல்லாம் துயரமாகிவிட்டது. கொழும்பு ஹோட்டல் குழுவொன்று ட்ரம்பெட் சேர்த்து அதைத் துள்ளாட்டம் போடும் பைலாப் பாட்டாக்கியது. ஆனால் எல்லோரும் அந்த மென்ற சொற்களைத் திருத்தி, தெளிவாக உச்சரித்தார்கள். நானும் அதைத்தான் மெச்சி எழுதினேன். ஆங்கில மாஸ்ரர் அல்லவா!

என் எழுத்தை வாசித்துவிட்டு வீடு தேடி வந்தவன் சீலன் ஒருவன்தான்.

மயிலிட்டிக்காரன், மீன்பிடிக் குடும்பம். என் வயது. சுன்னாகத்தில் மோட்டார் சைக்கிள் சாமான் விற்கும் கடையில் வேலை. திருவிழா மேடைகளில் ட்ரம்ஸ் அடித்துப் பழக்கம். கடை பூட்டியதும் வருவான். அப்பாவின் காரை விற்றபின் சும்மா கிடந்த எங்கள் கராஜில் வாசிப்போம். அவன் ட்ரம்ஸ், நான் கிற்றார். பாடுவது எப்போதும் நான்.

ஒருநாள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"நான் ஒருக்கா பாடிப் பாக்கட்டே, மச்சான்?" என்றான்.

"உனக்குச் சொல்லு ஒண்டும் தெரியாதே!"

"சத்தம் தெரியும்தானே. நீ வாசி."

ட்ரம்ஸை அடித்தபடியே பாடினான்.

ஐயோ... அதை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்! காற்றுக்குள் நின்று அடுத்த படகைக் கூப்பிடுகிறவனின் குரல். சொற்களில் பாதி ஆங்கிலமே அல்ல. காதில் விழுந்ததை வாயில் வந்தபடி எறிந்தான். நடுவில் தாளம் தவறியது. சிரித்தான். அந்தச் சிரிப்போடேயே தாளத்தைத் திரும்பப் பிடித்தான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. முதன்முதலில் பாடிய அந்த அமெரிக்கனிடம் இருந்தது இவனிடம் இருந்தது. நான் சேகரித்த எதிலும் இல்லாதது... என் தொண்டையில் ஒருநாளும் வராதது.

அது அவனுடைய போனில் பதிவாகியிருந்தது. இணையத்தில் போட்டான். பலர் கேட்டார்கள், பகிர்ந்தார்கள். சில நாட்களில் ஓடி வந்தான்.

"மச்சான், கொழும்பிலை ஒரு குழு கூப்பிடுறாங்கள்! தங்களோடை பாட வரட்டாம். நீயும் வாவன்."

அவர்கள் கூப்பிட்டது அவனை மட்டும். எனக்கு அது தெரியும்.

"நல்ல விசயமடா," என்றேன்.

பொறாமையா? ஓம், பொறாமைதான். ஆனால் அது மட்டுமா? அவன் போய்விட்டால் என் வீட்டுக் கேற்றை யார் திறப்பார்கள்?

அந்தப் பொய்ப் பெயரில் எழுதினேன். அவன் பிழையாகப் பாடிய சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, சரியான சொல்லைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். மனப்பாடமான பாட்டு அல்லவா! முதலில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு தெரியாதவர்களும் சிரித்தார்கள். யாரோ அவன் குரலை வெட்டி ஒட்டி வேடிக்கை வீடியோவாக்கினார்கள். அவ்வளவு தூரம் போகுமென்று நான் நினைக்கவில்லை... நினைத்திருந்தால் நிறுத்தியிருப்பேனா? தெரியவில்லை.

அந்த வீடியோ வந்த அடுத்த நாள் வந்தவன் ட்ரம்ஸ் பக்கம் போகவில்லை.

"என்ரை இங்கிலீசு அவ்வளவு மோசமோ, மச்சான்?"

நீங்களாயிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? எல்லாவற்றிலும் உன்னுடையதுதான் மேல் என்ற ஒரு வாக்கியம் போதும். அது என் நாக்கில் இருந்தது!

"கொஞ்சம் திருத்தவேணும்," என்றேன். "நான் சொல்லித் தாறன். கொழும்புக்கு அவசரப்படாதை."

"அதை எழுதினவன் ஆரெண்டாலும், விசயம் தெரிஞ்சவன்தான்," என்றான். குரலில் கோபமே இல்லை. என் கண் முன்னாலேயே பதிவை அழித்தான். போனிலிருந்தும் அழித்தான்.

பிறகு, என் மாணவர் உட்காரும் வாங்கில் உட்கார்ந்து சொற்களைப் படித்தான். நான் சொல்ல, அவன் திருப்பிச் சொல்ல... கடைசியில் ஒரு பிழையும் இல்லாமல் பாடினான். அந்த ஹோட்டல் குழுவைப் போலவே பாடினான்!

"இப்ப சரியே?"

"சரி."

அவனே தலையை ஆட்டினான். "இல்லை மச்சான். எனக்கு உது வராது."

கொழும்புக்குப் போகவில்லை. என்னிடம் வருவதும் குறைந்து, நின்றது. யாரைப் போகவிடாமல் பிடித்துவைக்க அந்தப் பாவத்தைச் செய்தேனோ, அவன் சுன்னாகத்திலேயே இருந்துகொண்டு என்னை விட்டுப் போய்விட்டான்.

அண்மையில் அவனைக் கடையில் கண்டேன். மறித்து, வீட்டுக்குக் கூட்டிப்போனான். கலியாணம் முடித்து மயிலிட்டியில் இருக்கிறான்.

"எல்லாரும் பகிடி பண்ணேக்கை, பக்கத்திலை இருந்து சொல்லித் தந்தவன் இவன்தான்," என்று மனைவியிடம் சொன்னான்.

அவள் தேத்தண்ணியை நீட்டியபடி வியந்தாள். "இவர் பாடினவரோ, அண்ணை? வாய்க்குள்ளை முணுமுணுத்துக்கூட நான் கேக்கேல்லை. நல்லாப் பாடினவரோ?"

சீலன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதாவது சொல்லியிருக்கலாம்... முழுவதையும் வேண்டாம், அந்த ஒரு வாக்கியத்தையாவது!

"பரவாயில்லை," என்றேன்.

அதைக் கேட்டு முதலில் சிரித்தவன் சீலன்தான்.