ஓயாத லீசா

காசநோய் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்றே இம்பி தார்வோனனுக்குப் பேர் போய்விட்டது. யாரும் திருடவில்லை, அவளேதான் விட்டுக்கொடுத்தாள். இம்பி என்றால் எங்கள் ஃபின்னிஷ் பாஷையில் கன்னி என்று அர்த்தம். தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு அந்தப் பேர் அழகாகத்தான் இருக்கும். இருபது வயதில், வாயாடிப் பெண்கள் துணி பிழிகிற இடத்தில் நின்று அதைச் சொல்லிப் பார்த்தால்தான் கஷ்டம் தெரியும்.

"பேரு என்னம்மா?" என்று கேட்டாள் மேஸ்திரி ரௌஹா.

"இம்பி."

"பேரைத்தானே கேட்டேன்? மத்த விவரமெல்லாம் யாரு கேட்டா!"

கூடமே சிரித்தது. இம்பி காது வரை சிவந்துபோய், படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட ஆரம்பித்தாள். மதியம் வரை தலை நிமிரவில்லை. குவியல் தீர்ந்துபோனதைப் பார்த்ததும் ரௌஹாவுக்கு மனசு கொஞ்சம் இளகியது. ஜன்னலில் ஒரு பூந்தொட்டி இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்து எங்கள் வீட்டு ஜன்னல்களில் குடியேறிவிட்ட செடி. வெளியே பனி எவ்வளவு குவிந்து கிடந்தாலும் அது பாட்டுக்குப் பூத்துக்கொண்டே இருக்கும். ஓயாத லீசா என்று அதற்குப் பேர்.

"ஏண்டி, இவளும் நம்ம ஓயாத லீசாதான்," என்றாள் ரௌஹா. "இனிமே இவ பேரு லீசா. இவளைப் பாத்து யாரும் சிரிக்கக் கூடாது."

குளிரில் நிற்கிறவளுக்கு யாரோ கோட்டு கொடுத்த மாதிரி இம்பி அந்தப் பேரை வாங்கிப் போட்டுக்கொண்டாள். அதன் கனம் பிறகுதான் தெரிந்தது. ஒருத்தி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சீக்கிரம் கிளம்பினால், மிச்ச வேலையை "லீசா பாத்துப்பா." ஒருத்திக்கு இடுப்பு வலி என்றால் ஈரமூட்டையைத் தூக்க "லீசா இருக்காளே." காபி வேளையில் ஒரு வாய் குடித்திருப்பாள், அதற்குள் ரௌஹாவின் குரல் வரும்: "லீசா, அந்த மெஷின் நின்னுடுச்சு, என்னன்னு பாரு." பார்த்துவிட்டு வருவதற்குள் காபி ஆறியிருக்கும். அதையும் குடிப்பாள். ரௌஹா ஒன்றும் கெட்டவள் இல்லை. எழுந்து ஓடுகிறவளைத்தான் எல்லோரும் ஏவுவார்கள், அவ்வளவுதான்.

எங்கள் காலண்டரில் ஒவ்வொரு பேருக்கும் ஒரு நாள் உண்டு. அந்தப் பேர்க்காரர்தான் அன்றைக்குக் கூட வேலை செய்கிறவர்களுக்குத் தின்னக் கொண்டுவர வேண்டும். நவம்பரில் லீசா நாள் வந்தால் இம்பி விடிவதற்கு முன்பே எழுந்து ஏலக்காய் ரொட்டி சுடுவாள், அடுத்தவள் பேருக்கு. இம்பி நாள் வந்தால் காலண்டரில் தாளைக் கிழித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவாள். பிறகு சேர்ந்தவர்களுக்கு அவளுடைய நிஜப் பேரே தெரியாது. இப்படியே இருபது வருஷம் போல ஓடிவிட்டது.

பாய்லர் பார்க்கிற தாவெத்திக்கும் தெரியாது. மனைவியை இழந்தவன், பெரிய மீசைக்காரன். நீராவிக் குழாயைச் சோதிக்க என்று அடிக்கடி மேலே வருவான். குழாய்க்கு ஒரு குறையும் இருக்காது.

"மிஸ் தார்வோனன், நீராவி சரியா வருதுங்களா?"

"வருதுங்க."

பல வருஷமாக அவர்கள் பேசிய பேச்சு இவ்வளவுதான். 'நீங்க' போய் 'நீ' வர வேண்டுமென்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு முறை உண்டு. கை குலுக்கி, அவரவர் பேரைச் சொல்லிக்கொள்ள வேண்டும். ஆணும் பெண்ணுமானால் பெண்தான் முதலில் கை நீட்டணும். தாவெத்தி முறை தவறாதவன், காத்திருந்தான். அவன் காத்திருப்பது அவளுக்கும் தெரியும். அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது.

ஆனால் கை நீட்டினால் பேர் சொல்ல வேண்டுமே! நாற்பது தாண்டியவள் இம்பி என்றால் அவன் சிரிப்பான். யார் சிரித்தாலும் தாங்கலாம், இவன் சிரித்தால் தாங்க முடியாது. லீசா என்று சொன்னாலோ, அவன் லீசாவைத்தான் வீட்டுக்குக் கூட்டிப்போவான். அந்த வீட்டிலும் காபி ஆறிப்போகும்.

அந்த வருஷ லீசா நாளில் தாவெத்தி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு காபி மேசைக்கு வந்து உட்கார்ந்தான்.

"லீசா நாள் வாழ்த்துங்க, மிஸ் தார்வோனன். குவோப்பியோ ஆஸ்பத்திரிக்கு மாத்திட்டாங்க. அடுத்த வாரம் கிளம்புறேன். வீடு குடுத்திருக்காங்க." ரொட்டியைப் பிய்த்தபடி குனிந்தே சொன்னான். "ஒத்த ஆளுக்கு ரொம்பப் பெரிய வீடுங்க."

மேசையில் எல்லோரும் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள். இம்பி கோப்பையை எடுத்தாள்.

"லீசா," என்றாள் ரௌஹா, பழக்க தோஷம். "அந்தத் தொட்டிச்செடி தலை தொங்கிக் கெடக்கு பாரு. தண்ணி ஊத்து."

ரொட்டி சுட்ட அவசரத்தில் இம்பி அன்றைக்கு அதை மறந்திருந்தாள். அந்தச் செடிக்கு ஒரு நாள் தண்ணீர் தப்பினாலும் போதும், துவண்டு விழுந்துவிடும். கோப்பையை வைத்துவிட்டுப் பாதி எழுந்தாள். அப்படியே நின்றாள். பிறகு மேசைக்குக் குறுக்கே கையை நீட்டினாள்.

"இம்பி," என்றாள்.

தாவெத்தியின் மீசை துடித்தது. பல்லைக் கடித்து அடக்கிப் பார்த்தான், முடியவில்லை, சிரித்துவிட்டான். கூடமும் சேர்ந்து சிரித்தது. அவளுக்குக் காது சிவந்தது. ஆனால் நீட்டிய கையை எடுக்கவில்லை.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தக் கையைப் பிடித்தான். "தாவெத்தி," என்றான். "அப்போ லீசா யாரு?"

"அதோ, ஜன்னல்ல நிக்கிறா. எந்திரிச்சுப் போய்த் தண்ணி ஊத்து."

அவள் அவனிடம் பேசிய முதல் 'நீ' அதுதான். அவன் உடனே எழுந்து குவளையைத் தேடினான்.

"அடியே இம்பி, குவோப்பியோ போனா அந்தப் பேரு எத்தனை நாளுக்குடி தாங்கும்!" என்று ரௌஹா மேசையைத் தட்டினாள். இம்பிதான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தாள்.

பிறகு உட்கார்ந்து கோப்பையை எடுத்து ஒரு பெரிய வாய் குடித்தாள். சூடாகக் குடித்துப் பழக்கமில்லை, நாக்கைச் சுட்டுக்கொண்டாள்.