சோடி சேராத இரண்டு தடிகள்

பச்சைக் கொய்யாத் தடியைச் சீவும்போது ஒரு மணம் எழும். அது பழத்தின் மணமுமல்ல, இலையின் மணமுமல்ல. கொஞ்சம் துவர்ப்பாய், நாக்கின் அடியில் போய் நிற்கிற ஒரு மணம். மற்றவர்களுக்கு அது நல்ல மணமாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டு வளவுக் கொய்யாவில் யாராவது கிளை வெட்டினால் நான் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவேன். என் மகள் பாடசாலை பாண்டில் சேர்ந்து, "அம்மா, எனக்கு ட்ரம் அடிக்கத் தடி வேணும்" என்று கேட்ட நாளிலிருந்து, யாரும் எதையும் வெட்டாமலே அந்த மணம் வீட்டுக்குள் நிற்கிறது.

என் அப்பா பறை மேளம் அடித்தவர். சுன்னாகத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் செத்தவீடு என்றால் அவரைத் தேடி ஆள் வரும். வருகிறவர் மீசை முளைக்காத பொடியனாக இருந்தாலும் படலைக்கு வெளியே நின்று அப்பாவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார், "நீ" என்றுதான் கதைப்பார். ஆனால் அப்பாவின் கை என்றால் அந்தப் பக்கத்தில் தனிப் பெயர். அவருடைய தடிகள் சோடி சேராதவை: வலக்கைக்குக் கட்டையாய் மொத்தமாய் ஒன்று, இடக்கைக்கு நீளமாய் மெல்லியதாய் ஒன்று. "மொத்தத் தடி கேக்கவேணும், மெல்லிசு மறுமொழி சொல்லவேணும்" என்பார். அவர் எனக்குப் பழக்கியதில்லை; அவர் வேலையில்லாமல் படுத்திருக்கும் நேரங்களில் அந்தத் தடிகளை எடுத்து, கவிழ்த்த அலுமினியச் சட்டியில் நானாகத்தான் தட்டித் தட்டி விளையாடுவேன். "சட்டி நெளியப்போகுதடி" என்று அம்மா கத்துவாள்.

சண்டை நெருங்கி, வலிகாமமே மூட்டை முடிச்சோடு எழுந்து நடந்தபோது நாங்களும் நடந்தோம். மேளம் வீட்டில் தொங்கியபடியே கிடந்துவிட்டது. தடிகள் மட்டும் அப்பாவின் சாரத்துக்குள் சுற்றப்பட்டு எங்களோடு வந்தன. தொண்டைமானாற்றுப் பக்கத்தில் ஒரு வளவின் பின்பக்கம் எங்களுக்கு ஓர் அறை கிடைத்தது. அங்கே நாங்கள் "இடம்பெயர்ந்த ஆக்கள்", அவ்வளவுதான். அப்பா மேசன் வேலைக்குப் போகத் தொடங்கினார். ஒருநாள் யாரோ ஒருவர் படலையைத் திறந்து நேரே உள்ளே வந்து, "மேசன் அண்ணை நிக்கிறாரோ?" என்று கேட்டார். "அண்ணை" என்ற அந்தச் சொல்லைக் கேட்டு அம்மா அடுப்படியில் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது இப்போதும் என் கண்ணுக்குள் இருக்கிறது. ஊருக்குத் திரும்பலாம் என்று சொல்லி எல்லோரும் சாமான் கட்டியபோது அப்பா கட்டவில்லை. "இஞ்சை நான் அண்ணை. அங்கை போனா..." என்றவர் முடிக்காமல் சாந்துக் கரண்டியைக் கழுவப் போய்விட்டார்.

அம்மா எனக்குத் தந்த பாடம் சின்னது. "ஆர் கேட்டாலும் சுன்னாகப் பக்கம் எண்டு சொல்லு. ஊர்ப்பேர் சொல்லிப்போடாதை." யாழ்ப்பாணத்தில் ஒருவர் உங்களிடம் "நீங்கள் எந்த இடம்?" என்று சிரித்துக்கொண்டு கேட்டால், அவர் வரைபடம் கீறுவதற்காகக் கேட்கவில்லை என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் வீட்டுக்கார மாமியும் கேட்டாள், அம்மா சொன்ன மறுமொழியில் திருப்தியும் பட்டாள். மாமி நல்லவள் என்றுதான் நான் இன்றைக்கும் சொல்வேன், அதுதான் எனக்குள்ள கரைச்சல். அவளுடைய கிணற்றில் நாங்களே வாளி விட்டு அள்ளினோம், குளித்தோம், அவளுக்கும் அள்ளிக் கொடுத்தோம்.

பாடசாலையில் மெய்வல்லுநர் விளையாட்டுப் போட்டிக்காக பாண்ட் தொடங்கினார்கள். எங்கிருந்தோ சேர்ந்த பழைய ட்ரம்களும் ஓர் உரப்பை நிறையத் தடிகளும் வந்தன. பழக்கிய வாத்தியார், எங்கள் சேர், பையை நிலத்தில் கொட்டி, "அவையவை தங்கடை கைக்கு ஏத்ததை எடுங்கோ" என்றார். மற்றப் பிள்ளைகள் ஒரே நீளம், ஒரே மொத்தம் பார்த்துச் சோடி தேடி அடிபட்டார்கள். நான் யாரோடும் அடிபடவில்லை. கட்டையாய் ஒன்று, மெல்லிசாய் ஒன்று எடுத்தேன். அதில் ஒளிக்க ஏதாவது இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை; ஊர்ப்பேரைத்தான் சொல்லக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள், கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் அடித்ததைக் கேட்ட சேர் என்னை முன்வரிசைக்கு இழுத்து விட்டார். "ஆரிட்டைப் பழகினனி?" என்றார். "ஒருத்தரிட்டையும் இல்லை சேர்" என்றேன், அது உண்மையும்தான்.

போட்டி நாளில் நான் அடித்தது போல அதற்குப் பிறகு எதையும் செய்ததாக எனக்கு நினைவில்லை. வெயிலில் மைதானத்தைச் சுற்றி வந்தோம், சனம் கை தட்டியது, எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. முடிந்ததும் வீட்டுக்கார மாமி என்னைக் கூப்பிட்டாள். அவளுக்குப் பக்கத்தில், எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த அவளுடைய அண்ணர் வெள்ளை வேட்டியோடு இருந்தார்.

"தடியைக் காட்டு பாப்பம் பிள்ளை" என்றார். வாங்கி, இரண்டையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தார். "கொப்பர் என்ன செய்யிறார்?"

"மேசன்."

"ஓம் ஓம்" என்று சிரித்தார். "எங்கடை அப்புவின்ரை செத்தவீட்டிலை ஒராள் உப்பிடித்தான் பிடிச்சு அடிச்சவன். அருமையான கை." பிறகு தடிகளை என் கையில் தராமல் பக்கத்தில் வெறுமையாய்க் கிடந்த கதிரையில் வைத்தார், நான் குனிந்து எடுத்துக்கொண்டேன். புகழ்ந்தார் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு ஓடிப் போய் அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அம்மா கையிலிருந்த சுளகை மெல்லக் கீழே வைத்தாள்.

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மாமி ஆள் பிடித்துக் கிணற்றைக் கலக்கி இறைத்தாள். மழைக்கு முன்னம் எல்லோரும் செய்கிறதுதானே என்று அப்பா சொன்னார். ஊற்று வந்து தண்ணீர் தெளிந்த பிறகு அம்மா குடத்தோடு போனாள். வாளி கிணற்றடியில் இல்லை, மாமியின் கையில் இருந்தது. "குடத்தை அதிலை வையுங்கோ, நான் அள்ளி ஊத்திறன்" என்றாள் மாமி, வழமையான சிரிப்போடு. அம்மா குடத்தை வைத்தாள். வாளி குடத்தில் முட்டாமல், உயரத்திலிருந்து தண்ணீர் விழுந்தது. அதற்குப் பிறகு எங்களுக்கு அந்தக் கிணற்றில் எல்லா நாளும் அப்படித்தான். ஒரு கெட்ட வார்த்தை இல்லை, ஒரு முகச்சுளிப்பு இல்லை. சண்டை பிடிக்க அம்மாவுக்கு ஒரு நூல்கூடக் கிடைக்கவில்லை. அப்பாவைக் கூப்பிட வருகிறவர்கள் மறுபடி படலைக்கு வெளியே நிற்கத் தொடங்கினார்கள்.

"ஏனடி ஒரே மாதிரி ரெண்டை எடுத்திருக்கக்கூடாதே?" என்று அம்மா என் முதுகில் அடித்து, அடித்த கையாலேயே தடவி, அழுதாள். அடுத்த நாள் காலை அப்பா வளவுக் கொய்யா மரத்தடியில் குந்தியிருந்து சீவிக்கொண்டிருந்தார். பச்சை மணம் முற்றமெல்லாம் நின்றது. ஒன்றைச் சீவி, மற்றதை அதோடு வைத்துப் பார்த்து, மயிரளவு கூடியதையும் கண்ணாடித் துண்டால் சுரண்டி எடுத்தார். எந்தத் தடி எந்தக் கைக்கு என்று ஊருக்கே தெரிந்த மனிதர், ஒன்றிலிருந்து மற்றதைப் பிரித்துச் சொல்ல முடியாதபடி இரண்டு தடிகளைச் செய்து என்னிடம் தந்தார். "இனி இதாலை அடி, பிள்ளை. ஆரும் பாத்தா வித்தியாசம் தெரியக்கூடாது" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அந்தத் தடிகளால் என் கைகளுக்கு ஒன்றும் வரவில்லை. இரண்டு கையும் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தன. "உனக்கு என்ன நடந்தது?" என்று சேர் கேட்டுக் கேட்டுப் பார்த்து, கடைசியில் என்னைப் பின்வரிசைக்கு அனுப்பினார். அடுத்த தவணை நான் பாண்டில் இல்லை. அதற்கடுத்த தவணை நாங்கள் அந்த வளவிலேயே இல்லை. அப்பாவின் பழைய இரண்டு தடிகளையும் அம்மா ஒருநாள் அடுப்பில் வைத்துவிட்டாள். அன்றைக்கு அவித்த புட்டை அப்பா தொடவில்லை.

இப்போது அம்மா இல்லை. மாமியின் கிணற்றை மூடிக் குழாய் போட்டுவிட்டார்கள் என்று கேள்வி. அப்பா என்னோடுதான் இருக்கிறார். போன கிழமை மகளை யாழ்ப்பாண ரவுணுக்குக் கூட்டிப் போய்த் தடி வாங்கினேன். கடைக்காரர் ஒரு சோடியைக் கண்ணாடி மேசையில் உருட்டி, "ரெண்டும் ஒரே நிறை" என்று காட்டிவிட்டு, மகளிடம் "எப்பிடி அடிக்கிறனீங்கள், மெதுவாவோ, பலமாவோ? அதுக்கேத்த மாதிரி எடுக்கலாம்" என்றார். இப்படியும் ஒரு கேள்வி இருக்கிறதே என்று நான் அந்த இரண்டு தடிகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மகள் தான் விரும்பியதை எடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஓடிப் போய் அப்பாவின் மடியில் தடிகளை வைத்தாள். அப்பா இரண்டையும் இரண்டு கையிலும் எடுத்தார். நிறை பார்த்தார். பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நுனியிலிருந்து அடிவரை விரலால் தடவிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்டுதான். வித்தியாசம் இல்லை. நல்லது, பிள்ளை" என்றார். அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

மகள் ஆச்சரியமாய் என் பக்கம் திரும்பினாள். "அம்மப்பாவுக்கு ட்ரம் தடி பாக்கத் தெரியுமோ அம்மா?"

அப்பா தடிகளை விடாமல் என்னைப் பார்த்தார்.

"இல்லை" என்றேன். "அவர் மேசன்."