பேசிக்கொண்டிருந்தது யார்

அந்தக் கண்ணாடிப் புட்டி ஆலையில் அவளை எல்லோரும் 'மருமகளே' என்றுதான் கூப்பிட்டார்கள். உலைக் கட்டுப்பாட்டு அறையின் மூலையில் இருந்த பழைய யூனிக்ஸ் கணினிக்கு 'மாமியார்' என்று பெயர் விழுந்த பிறகு வந்த பட்டம் அது. அந்தக் கணினியைக் கவனித்துக்கொள்வது அவள் வேலை. கேட்காமல் தொட்டால் அது கோபித்துக்கொள்ளும். கோபித்தால் லேசில் சமாதானமாகாது. பெயர் வைத்தவர் அவள் கணவர். அதே ஆலையில் உலை எரிப்பவர். வீட்டுக்கு வரும் இரண்டு சம்பளமும் அந்த ஒரே உலையிலிருந்துதான் வந்தன.

உலையின் கூரைமேல் வெப்பம் அளக்கும் பெட்டி ஒன்று உண்டு. அது அனுப்பும் எண்ணை வாங்கித் திரையில் காட்டுவதுதான் மாமியாரின் வேலை. அன்று மத்தியானத்திலிருந்து எண் விட்டுவிட்டு ஓடியது, பிறகு ஒரேயடியாக உறைந்து நின்றது. கணவர் நீலக் கண்ணாடி வழியாகத் தீயின் நிறத்தைப் பார்த்து, குத்துமதிப்பாக கேஸ் வால்வைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"ஷிஃப்ட் சங்கு ஊதறதுக்குள்ள எண் வரலைன்னா கேஸை நிறுத்தச் சொல்லிடுவேன்" என்றார் மேனேஜர். "கண்ணை மூடிட்டு உலையை ஓட்ட முடியாது."

"நிறுத்தினா உள்ள இருக்கிற கண்ணாடி கட்டியாயிடும் சார். உலையை இடிச்சுத்தான் எடுக்கணும்."

"தெரியும்மா. அப்ப அந்தக் கிழட்டுக் கணினியையாவது ஒரு தடவை அணைச்சுப் போடேன்."

"அணைக்கலாம். எழுந்திருக்குமான்னு தெரியாது."

  எண்ணை வாங்கும் நிரலை அவள் நிறுத்தி மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டாள். கேபிளில் குறையில்லை. எதிர் மேசையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த ஒயர்மேன், மாமியாரின் நெட்வொர்க் முகவரிக்கு 'இருக்கிறாயா' என்று கேட்கும் பிங் அனுப்பிக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, பேசுதா?"

"பேசுது மருமகளே. ஜோரா பேசுது. நெட்வொர்க்ல ஒண்ணுமில்ல, உன் மாமியாருக்குத்தான் காது கேக்கல."

அரை மணியாக அவர் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். வாக்கி டாக்கி கரகரத்தது.

"என்ன, இன்னும் சமாதானமாகலையா?" என்றார் கணவர். குரலில் கிண்டல் இருந்தது, மூச்சு வாங்கியது.

"இருங்க, பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"இங்க நிக்க முடியல. அதான் சொன்னேன்."

அவள் மேசைக்கடியில் குனிந்து, மாமியாரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப?"

"பேசுது."

"அண்ணே, நல்லா பாத்துச் சொல்லுங்க."

"அட, பேசுதுங்கறேன்ல."

கேபிளின் முனையை அவர் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள். ஒயர்மேன் அதைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பதில்கள் வரிவரியாக வந்துகொண்டிருந்தன.

"அப்ப பேசறது யாரு?" என்றாள்.

ஒவ்வொரு கருவிக்கும் தயாரிக்கும்போதே பதித்துவிடும் பிறவி எண் ஒன்று உண்டு; பதில் சொல்லும் கருவியின் எண்ணை அவர் லேப்டாப்பில் தேடி எடுத்தார்.  "இது வாசல் கேட்டுல போட்ட புதுக் கேமராம்மா. மத்தியானம் நான்தான் மாட்டினேன். அதுக்கு இந்த முகவரியைக் குடுக்கறதுக்கு முன்னாடி பிங் பண்ணிப் பாத்தேன், யாரும் பேசல. காலி இடம்னு நெனச்சுட்டேன்."

மத்தியானம் மாமியாரின் கேபிள் முனை உடைந்திருந்ததால் கழற்றிப் புது முனை போட்டது அவள்தான். அந்தக் கொஞ்ச நேரம் மாமியார் வாய் மூடியிருந்திருக்கிறது. ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடுகள். உலையின் எண்கள் பாதி நேரம் வாசல் கேமராவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

ஒயர்மேன் ஓடினார். கேமரா அணைந்தது. கேபிளை மறுபடி செருகினாள். எண் அசையவில்லை. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்த முகவரி என்றால் கூரைப்பெட்டி இன்னும் கேமராவைத்தான் நினைவில் வைத்திருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. அந்தப் பெட்டியில் விசைப்பலகை இல்லை, கட்டளை தட்ட வழியில்லை. மாமியாரின் நினைவிலிருந்து பெட்டியின் அடையாளத்தை அழித்துவிட்டு, மாமியாரை விட்டே பெட்டியைக் கூப்பிட்டாள். நீ யார் என்று மாமியார் கேட்டால், தான் யார் என்பதையும் சொல்லித்தானே கேட்க வேண்டும். அதைக் கேட்டுப் பெட்டி தன் நினைவைத் திருத்திக்கொள்ளும்.

எண் மாறியது. மறுபடி மாறியது.

"வந்துடுச்சு" என்றாள் வாக்கி டாக்கியில்.

"என் கணக்கு சரிதானே? எத்தனை வருஷக் கண்ணு."

அவள் எண்ணை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள். "அறுபது டிகிரி கம்மியா இருக்கு. கேஸைக் கூட்டுங்க. சீக்கிரம்."

 வாக்கி டாக்கியில் வால்வு கிறீச்சிடுவது கேட்டது. அவளும் மேனேஜரும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எண் இன்னும் இரண்டு இறங்கியது, நின்றது, ஒன்று ஏறியது.

"வால்வை அங்கேயே வைங்க" என்றாள். "ஏறுது."