பொட்டாசியத்துக்கு மஞ்சள் தண்ணீர்

ஆயுத பூஜையன்று எங்கள் ஆய்வகத்தில் பொட்டு வைக்காத பொருள் கிடையாது. மண்ணச்சநல்லூர் அரிசி மில்லில் வளர்ந்தவள் நான். பூஜையோடு எனக்குச் சண்டை இல்லை. சண்டையெல்லாம் எங்கள் பேராசிரியரோடுதான். மனுஷன் ஆய்வகத்துக்குள் வருவதே பூஜைக்கும் போட்டோவுக்கும்தான்.

நானும் ஸ்ரீரங்கத்துத் தோழி ஒருத்தியும் பொட்டாசியம் அயனி பேட்டரிக்கு ஆனோடு, அதாவது எதிர்மின்முனை, செய்துகொண்டிருந்தோம். வெள்ளீயமும் ஆன்டிமனியும் சேர்ந்த உலோகக் கலவை. சார்ஜ் ஏற்றினால் பொட்டாசியம் உள்ளே புகுந்து அதைப் பூரிபோல உப்ப வைக்கும்; இறக்கினால் சுருங்கும். நாலு தடவை இப்படி ஆனால் நொறுங்கித் தூளாகிவிடும், சனியன். நொறுங்காத கலவையைத் தேடி நாயாய் அலைந்தோம். ஒவ்வொன்றையும் சோதிக்க மறுமுனையில் பொட்டாசியத் துண்டு வைக்க வேண்டும். தண்ணீர் பட்டால் அது வெடிக்கும்.

அன்று மிஞ்சிய துண்டுகளை அழிப்பதற்காக, எண்ணெய் ஊற்றிய பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்திருந்தாள் அவள். குங்குமம் இட்டுக்கொள்ளப் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றியிருந்தாள். சார் மாவிலையும் மஞ்சள் தண்ணீருமாக வந்தார்.

"சார், அங்க தெளிக்காதீங்க!" என்று கத்தினேன்.

"நல்ல நாளும் அதுவுமா கத்தாதம்மா. ஒரு சொட்டுல என்ன ஆயிடும்?"

ஆயிற்று. ஊதா நெருப்பு எழும்பியது. பீக்கரைத் தள்ளிவிட ஓடிய அவள் முகத்திலேயே அது வெடித்தது.

"ஐயோ, என் கண்ணு!"

துண்டுகள் எரிந்து முடிந்துவிட்டன. கண்ணில் தெறித்தது அதில் உண்டான காரம், கண்ணையே அரித்துவிடும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்காவிட்டால் பார்வை போய்விடும். அவளைக் குழாயடிக்கு இழுத்தேன். "தண்ணி வேணாண்டி, எரியும்!" என்று உதைத்தாள். "தண்ணி விடாதம்மா, பொட்டாசியம்!" என்று சார் என் தோளைப் பிடித்தார். இப்போது வந்துவிட்டதாம் ஞானம்! முழங்கையால் அவர் நெஞ்சில் ஒன்று விட்டேன். பூஜைத் தட்டோடு போய் விழுந்தார். அவள் என் கையைக் கடித்தாள். கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். பின்னலைச் சுருட்டிப் பிடித்து, முகத்தைக் குழாய்க்கடியில் அழுத்தி, இமையை விரலால் விரித்தேன். தண்ணீரோடு என் ரத்தமும் ஓடியது. அவள் கதறக் கதற, ஆம்புலன்ஸ் வரும்வரை நான் விடவில்லை.

தில்லை நகர் ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்த அன்று டாக்டர் அவளுடைய நல்ல கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, "என்னம்மா தெரியுது?" என்றார். அவள் இமையைக் கொட்டிக் கொட்டி எங்கேயோ துழாவினாள். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"கையில என்னடி கட்டு?" என்றாள்.

"நீ கடிச்சதுதாண்டி, எருமை" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன்.