முதலைக்கு நான் பொறுப்பு

என் படிப்பை நிறுத்துவதென்று அம்மா முடிவு செய்தபோது அப்பா வாயே திறக்கவில்லை. ரயில்வே வொர்க்‌ஷாப்பில் இரும்போடு மல்லுக்கட்டத் தெரிந்த மனுஷருக்கு அம்மாவோடு மல்லுக்கட்டத் தெரியாது. தம்பி அப்போது கைக்குழந்தை. தொட்டிலாட்ட ஆள் வேண்டும். நானோ வாங்கிய பாவாடையெல்லாம் கணுக்காலுக்கு மேலே ஏறும்படி வளர்ந்துகொண்டிருந்தேன். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு பெண்ணை வீட்டோடு நிறுத்த இந்தக் காரணங்களே தாராளம். எனக்கானால் பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாளை நினைக்கவே பிடிக்கவில்லை. படிப்பின் மேல் பெரிய காதல் என்றெல்லாம் இல்லை. வாயாடுவதற்கு எனக்கு வேறு இடம் கிடையாது, அவ்வளவுதான்.

எங்கள் டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். விஷயம் தெரிந்ததும் வீடு தேடி வந்துவிட்டார்.

"பிள்ளை நல்ல கெட்டிக்காரி. படிப்பை மறிக்காதேங்கோ" என்றார்.

அம்மா காபி கொடுத்து உட்கார வைத்தாள். "நீங்க கெட்டிக்காரிங்கிறீங்க. வீட்ல ஒரு ரசம் வைக்கத் துப்பில்ல. அங்க என்னதான் படிக்கிறாள்னு என் கண்ணுல காட்டுங்க, அப்புறம் பாக்கலாம்" என்றாள்.

வேறு யாராக இருந்தாலும் இதைக் கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள். டீச்சர் நிஜமாகவே காட்டுவதென்று கிளம்பிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வகுப்புப் பெண்களின் அம்மாக்கள் எல்லாரும் மியூசியத்துக்கு வர வேண்டும். ஒவ்வொரு பெண்ணும் ஒரு பொருளின் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்வாள். பறவைகளில் ஆரம்பித்து, வண்ணத்துப்பூச்சி, கிரிஸ் கத்தி, வெள்ளி வெற்றிலைப் பெட்டி என்று போய்க் கடைசியில் பாடம் பண்ணி வைத்த முதலை. முதலையை நானே கேட்டு வாங்கினேன். அங்கே வருவதற்குள் அம்மாக்களுக்குக் கால் வலித்துவிடும், ஒருத்தரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பது என் கணக்கு. அதோடு டீச்சரும் முதலிலிருந்து அவர்களோடு நடந்து வருவார். நான் திணறினால் எடுத்துக் கொடுப்பார்.

அம்மாக்கள் பட்டுப்புடவையும் மல்லிகைச் சரமுமாக வந்தார்கள். வந்ததும் தோட்டக்குழாயில் கால் கழுவிக்கொண்டு ஈரத்தோடு உள்ளே ஏறினார்கள். பளபளவென்று தேய்த்து வைத்திருந்த தரை முழுக்கக் கால்தடம். காவலுக்கு நின்ற மலாய்க்கார ஜாகா தலையில் கை வைத்துக்கொண்டார்.

உள்ளே கூடத்தின் நடுவில் ஒரு யானையின் முழு எலும்புக்கூடு நின்றது. அதைப் பார்த்ததும் எதிர்வீட்டு அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பின்னால் வந்தவர்களும் போட்டுக்கொண்டார்கள்.

"ஏன்டி, வெறும் எலும்புதானே?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எலும்பா இருந்தா என்னக்கா, யானை யானைதானே" என்றாள் அவள்.

அப்புறம் நடந்ததுதான் வினை. வலது பக்கம் போகச் சொல்லிக் கை வரைந்த பலகை ஒன்று வாசலில் இருந்தது. டீச்சர் அங்கே பறவைகளின் பக்கத்தில் சிரித்த முகமாக நின்றார். யானையை நடுவில் வைத்துவிட்டு வலது பக்கமாகச் சுற்றச் சொன்னால் எந்தத் தமிழ்ப் பொம்பளை சுற்றுவாள்? அத்தனை பேரும் இடது பக்கம் திரும்பி, யானை வலக்கைப் பக்கம் இருக்கும்படி வலம் வர ஆரம்பித்துவிட்டார்கள். ஜாகா ஓடிவந்து, "சனா! சனா!" என்று மலாயில் 'அங்கே, அங்கே' எனக் கத்தி எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார். அவரைச் சுற்றிக்கொண்டு கூட்டம் நகர்ந்தது. டீச்சர் கூடத்தின் அந்தக் கோடியில் மாட்டிக்கொண்டார். கடைசியில் வர வேண்டிய முதலை முதலில் வந்துவிட்டது. கால் வலிக்காத, கண் சோராத, புத்தம்புது அம்மாக்கள் என்னைச் சூழ்ந்தார்கள். முன்னால் என் அம்மா, இடுப்பில் தம்பி.

மனப்பாடம் செய்ததை ஒரே மூச்சில் ஒப்பித்தேன். "இந்த முதலை கிள்ளான் ஆற்றின் முகத்துவாரத்தில் சுடப்பட்டது. இது நீரிலும் நிலத்திலும் வாழும். இதன் தோல் மிகவும் தடித்தது."

அம்மா முதலையைத் தலையிலிருந்து வால் வரைக்கும் நிதானமாகப் பார்த்தாள்.

"இது ஆம்பளையா, பொம்பளையா?"

அது நான் படித்த பாடத்தில் இல்லை. தெரியாது என்று சொன்னால் நாளை முதல் தொட்டில்தான்.

"பொம்பளைம்மா."

"எப்படிச் சொல்றே?"

"வாயத் தொறந்துக்கிட்டே இருக்கு பாருங்க."

அம்மாக்கள் கொல்லென்று சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

"அப்ப குட்டிங்க எங்க?"

"பள்ளிக்கூடம் போயிருக்கும்மா."

எதிர்வீட்டு அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணாடிப் பெட்டிமேலேயே சாய்ந்துவிட்டாள். அதற்குள் டீச்சர் மூச்சு வாங்க ஓடிவந்தார். அம்மா அதே கேள்வியை அவரிடம் கேட்டாள். டீச்சர் முதலையின் முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், குனிந்து அடிப்பக்கமும் பார்த்தார்.

"உண்மையாச் சொன்னா, எனக்கும் தெரியேல்லை" என்றார்.

அம்மா வெற்றிலைப் பெட்டிப் பக்கம் போய்விட்டாள். என் படிப்பு அந்த முதலையோடு முடிந்துபோனது என்றே நினைத்தேன். டீச்சரின் மேல் கோபம், யானையின் மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேல் என் வாயின் மேல் கோபம்.

வீடு திரும்பும் வழியெல்லாம் நான் அம்மாவின் பின்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தேன். குவார்ட்டர்ஸ் வரிசை தெரிய ஆரம்பித்ததும் அவள் நின்றாள்.

"உனக்கு ஒண்ணுமே தெரியலையேடி."

"இல்லம்மா…"

"கூசாம புளுகுறே. உங்க டீச்சராவது தெரியாதுன்னு ஒத்துக்கிட்டாங்க. உன்ன இப்படியே அரைகுறையா வீட்ல வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? நாளைக்கு வேளையோட எந்திரிச்சுப் பள்ளிக்கூடம் போ."

"தம்பிய யாரும்மா பாத்துக்குவா?"

"அவனப் பெத்தவ பாத்துக்குவா." தம்பியை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "அது ஆம்பளையா பொம்பளையான்னு ஒழுங்காப் படிச்சிட்டு வந்து எனக்குச் சொல்லு. அதுவரைக்கும் உன்ன நிறுத்துறதா இல்ல."

சந்தோஷத்தில் எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அவள் பார்ப்பதற்குள் துடைத்துக்கொண்டேன்.

அந்தப் பதிலை நான் அவசரப்பட்டுத் தேடவே இல்லை. ஒவ்வொரு வருஷமும் வகுப்பு மாறும்போது அம்மா மறக்காமல் கேட்பாள்.

"அந்தப் பாடம் அடுத்த வகுப்புலதாம்மா வருது" என்பேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள்.

"சரி, அப்ப போ" என்பாள்.